தேருக்கு முட்டுக்கட்டை, காருக்கு பிரேக்... பட்ஜெட் காரை ரேஸ் டிராக்குக்குத் தயார் செய்வது எப்படி?

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் வைகாசித் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். வடம் பிடித்து இழுக்க ஏராளமானோர் இருப்பார்கள். ஆனால், தேர் எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை முடிவு செய்வது, சக்கரத்தின் ஓரத்தில் முட்டுக்கட்டையோடு நடந்து வரும் சிலர்தான். அவர்கள் கை தவறினால், இழுக்கும் பலமே ஆபத்தாகிவிடும்.

அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், பெங்களூரு நெடுஞ்சாலையில் சென்னையை நோக்கி வந்தால், ஸ்ரீபெரும்புதூரை அடுத்து வருகிறது இருங்காட்டுக்கோட்டை. பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர்போன மாவட்டத்தின் இன்னொரு அடையாளம் இங்கே இருக்கிறது. 3.7 கி.மீ நீளம், 12 வளைவுகள் கொண்ட ரேஸ் டிராக். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-ல் திறந்த இதுதான் இந்தியாவின் முதல் நிரந்தர ரேஸ் டிராக். இன்று ‘மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்’ என்று அழைக்கப்படுகிறது.

ரேஸ் வீரர்கள் மட்டும்தான் இங்கே ஓட்ட முடியும் என்பதில்லை. ‘டிராக் டே’ என்ற பெயரில் நடக்கும் நிகழ்ச்சிகளில், கட்டணம் செலுத்தி, விதிகளுக்கு உட்பட்டு, சொந்த காரையே ஓட்டிப் பார்க்கலாம். அங்கே போட்டி கிடையாது, பரிசு கிடையாது. எதிரே வண்டி வராத, குறுக்கே மாடு வராத பாதையில், நம் காரும் நாமும் எவ்வளவு தூரம் போக முடியும் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு.

வீட்டில் கார் பிரியரான மகனோ, மகளோ ‘காரை மோடிஃபை பண்ணணும்’ என்று கேட்டால், பெரும்பாலும் பேச்சு இன்ஜினில்தான் ஆரம்பிக்கும். ‘சைலன்ஸரை மாத்தலாம், பவரை ஏத்தலாம்’ என்பார்கள். டிராக்குக்குக் காரைத் தயார் செய்கிறவர்கள் இந்த வரிசையை அப்படியே தலைகீழாக வைத்திருப்பார்கள். முதலில் நிற்க வேண்டும். அடுத்து, வளைவில் பிடிமானம் வேண்டும். இழுக்கும் பலத்தை யோசிப்பதெல்லாம் கடைசியில்தான்.

பட்ஜெட் ஸ்போர்ட்ஸ் கார்... எது?

வெளிநாடுகளில் இதற்குச் சட்டென்று ஒரு பதில் சொல்வார்கள். 1989-ல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டா. இரண்டே இருக்கைகள், எடை குறைவு, விலையும் கட்டுப்படியாகும். அதனாலேயே உலகம் முழுக்க கிளப் ரேஸ்களில் அதிகம் ஓடும் கார்களில் ஒன்றாக ஆனது. நம் ஊரில் அந்த மாதிரி கார்களை இறக்குமதி செய்தால், வரியிலேயே இன்னொரு கார் வாங்கிவிடலாம்.

எனவே, நம் ஊர் பட்ஜெட் ஸ்போர்ட்ஸ் கார் என்பது பெரும்பாலும் துடிப்பான ஹேட்ச்பேக் அல்லது எடை குறைந்த செடான்தான். பழைய மாருதி எஸ்டீம், ஹோண்டா சிட்டி ஆகியவை இங்கே ஆண்டுக்கணக்கில் ரேஸ்களில் ஓடியவை. பிறகு ஸ்விஃப்ட் வந்தது. ஃபோக்ஸ்வாகன் போலோவுக்கென்றே 2010-ல் தனி கப் போட்டி ஆரம்பித்தது. ஹூண்டாய் ஐ20 என் லைன், 2021-ல் 10 லட்சம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவான ஷோரூம் விலையில் அறிமுகமானது. 1 லிட்டர் டர்போ இன்ஜின், 120 பிஎஸ் பவர். இந்த கார் தயாராகும் தொழிற்சாலையும் டிராக் இருக்கும் அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் இருக்கிறது.

இந்த வகை கார்களில் ஒரு வசதி உண்டு. உதிரிபாகம் எல்லா ஊரிலும் கிடைக்கும். எடை ஏறத்தாழ 1,000 கிலோ என்பதால், பிரேக், டயர் இரண்டுக்கும் வேலைப்பளு குறைவு. தப்பு செய்தாலும் பாடம் கொஞ்சம் மலிவாகவே முடியும்.

சாதாரண கார் இன்ஜினில் பிறந்த ரேஸ்

சிக்கன ரேஸ் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. இருங்காட்டுக்கோட்டைக்கு முன்பு சென்னையில் ரேஸ் என்றால் சோழவரம்தான். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் அது. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே நடத்திய ரேஸ்களைப் பார்க்கப் பெரும் கூட்டம் திரண்டது. அன்றைய சாலையில் ஓடிய கார்களே, உள்ளூர் மெக்கானிக்குகளின் கைவண்ணத்தில் ரேஸ் கார்களாக மாறின.

1980-களின் இறுதியில் கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதன் ஒரு முக்கியமான காரியம் செய்தார். மாருதி 800-ன் சின்னஞ்சிறு இன்ஜினை வைத்து, ஒற்றை இருக்கை ரேஸ் கார் ஒன்றை உருவாக்கினார். ‘ஃபார்முலா மாருதி’ என்று பெயர். எல்லோருக்கும் ஒரே மாதிரி கார், தெருமுனைக் கடையில் கிடைக்கும் உதிரிபாகம். எனவே, யாரிடம் பணம் அதிகம் என்பதைவிட, யார் நன்றாக ஓட்டுகிறார் என்பது வெளியே தெரிந்தது. கோவையின் நரேன் கார்த்திகேயன் முதல் ரேஸ் ஓட்டியது ஸ்ரீபெரும்புதூரில், இந்த ஃபார்முலா மாருதியில்தான். 2005-ல் அவர் ஃபார்முலா 1 ரேஸில் போட்டியிட்ட முதல் இந்திய வீரர் ஆனார். 1995-ல் சிறு விமான விபத்தில் மறைந்த கரிவரதனின் பெயரில்தான் கோவை செட்டிபாளையத்தில் ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ இருக்கிறது.

800 சிசி-க்கும் குறைவான இன்ஜினை வைத்தே ஓட்டக் கற்றுக்கொள்ள முடிந்தது. இன்று கார் வாங்குகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

முதல் செலவு பிரேக்குக்கு!

ஒரு சின்னக் கணக்கு. 1,000 கிலோ எடையுள்ள கார் 140 கி.மீ வேகத்தில் நேர்பாதையில் வருகிறது. வளைவுக்காக 70 கி.மீ-க்கு வேகத்தைக் குறைக்க வேண்டும். அழுத்திப் பிடித்தால் மூன்று நொடி வேலை. அந்த மூன்று நொடியில் பிரேக்குகள் வெப்பமாக மாற்றும் ஆற்றல், கிட்டத்தட்ட 2 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அடுத்த நிமிடத்துக்குள் மறுபடியும் ஒரு வளைவு, மறுபடியும் அதே கதை.

சாலையில் எப்போதாவது ஒருமுறை இப்படி பிரேக் அடிப்போம். பிறகு ஆற நேரம் இருக்கும். டிராக்கில் அந்த நேரம் கிடைக்காது. அப்போது இரண்டு வகையில் பிரேக் கைவிடலாம்.

ஒன்று, பிரேக் ஆயில் கொதிப்பது. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் தன்மை கொண்டது. புதிதாக இருக்கும்போது டாட் 3 வகை ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரக்கணக்கு. ஈரம் ஏறிய பிறகு அது 140 டிகிரி. டாட் 4 வகைக்கு 230, 155. டாட் 5.1 வகைக்கு 260, 180. ஆயில் கொதித்தால் குழாயில் நீராவிக் குமிழ்கள் உண்டாகும். பெடலை மிதித்தால் குமிழ்தான் அமுங்கும், பிரேக் பிடிக்காது. பெடல் பொசுக்கென்று தரை வரை போய்விடும்.

இரண்டாவது, பிரேக் பேடு சூடேறி வழுக்குவது. இங்கே பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கும். ஆனால், கார் நிற்காது.

முதல் பிரச்னைக்கு, கார் நிறுவனம் அனுமதிக்கும் வகையில் சீல் உடைக்காத டாட் 4 அல்லது டாட் 5.1 ஆயிலை வாங்கி, நான்கு சக்கரங்களிலும் பழையதை முழுக்க வெளியேற்றி நிரப்ப வேண்டும். சில நூறு ரூபாய் ஆயிலும் ஒரு மணி நேர வேலையும்தான். டிராக் டேவுக்குச் செய்யும் செலவுகளிலேயே அதிகப் பலன் தருவது இதுதான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

இரண்டாவதுக்கு, அதிக வெப்பம் தாங்கும் பேடுகள். இதில் ஒரு கவனம் தேவை. முழுக்க முழுக்க ரேஸுக்கான பேடுகள் சூடேறிய பிறகுதான் நன்றாகப் பிடிக்கும். திங்கள்கிழமை காலை மழையில் பிள்ளையைப் பள்ளியில் விடப் போகும்போது, முதல் சிக்னலிலேயே சிரமம் தரும். ஒரே காரை இரண்டுக்கும் பயன்படுத்துகிறவர்களுக்கு, சாலைக்கும் ஒத்துவரும் நடுத்தர ரகமே சரி. புது பேடு போட்ட கையோடு டிராக்குக்குப் போகவும் கூடாது. மிதமாகப் பலமுறை பிரேக் பிடித்து, டிஸ்க்கோடு பேடு பழக விட வேண்டும்.

உள்ளங்கை அளவு பிடிமானம்

காருக்கும் தரைக்கும் உள்ள உறவு, நான்கு டயர்களின் அடியில், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். முடுக்குவது, நிறுத்துவது, திரும்புவது எல்லாம் அதன் வழியாகத்தான் நடக்க வேண்டும்.

முதலில் வயதைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்று இருந்தால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று அர்த்தம். பட்டன் நன்றாகவே இருந்தாலும், பழைய ரப்பர் இறுகிப்போயிருக்கும். வெடிப்பு, வீக்கம், பஞ்சர் ஒட்டு உள்ள டயரோடு டிராக்கில் இறங்கக் கூடாது.

அடுத்து காற்று. சில சுற்றுகள் ஓடியதும் டயர் சூடாகி, உள்ளே அழுத்தம் பல பிஎஸ்ஐ ஏறிவிடும். அழுத்தம் அதிகமானால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையில் படும், பிடிமானம் குறையும். எனவே, பிட்டுக்குத் திரும்பியதும் சூட்டோடு சூடாக அளந்து, ஏறிய காற்றை அளவோடு இறக்குவார்கள். எவ்வளவு இறக்கலாம் என்று தெரிந்துகொள்ள ஒரு பழைய உத்தி உண்டு. டயரின் விளிம்பில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். சில சுற்றுகளுக்குப் பிறகு பாருங்கள். பக்கவாட்டுச் சுவர் வரை கோடு அழிந்திருந்தால் காற்று குறைவு. விளிம்பில் கோடு அப்படியே இருந்தால் காற்று அதிகம்.

முக்கியமான விஷயம்... வீட்டுக்குக் கிளம்பும் முன் மறுபடியும் காற்றை நிரப்ப வேண்டும். டிராக்கில் இறக்கிய டயர், ஆறியதும் இன்னும் தளர்ந்துவிடும். அப்படியே நெடுஞ்சாலையில் ஏறினால் ஆபத்து.

மூன்றாவது, வீல் அலைன்மென்ட். முன்சக்கரங்களின் மேல்பகுதி லேசாக உள்பக்கம் சாய்ந்திருப்பதை ‘நெகட்டிவ் கேம்பர்’ என்பார்கள். வளைவில் கார் சாயும்போது, வெளிப்பக்க டயர் முழுதாகத் தரையில் பதிய இது உதவும். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் என்று பெரிய செலவில் இறங்கும் முன், நிறுவனம் அனுமதிக்கும் எல்லைக்குள் அலைன்மென்ட்டைத் திருத்தினாலே வித்தியாசம் தெரியும்.

தண்ணீர் பாட்டிலும் எமன்தான்

எடையைக் குறைப்பதற்குக் காசே தேவையில்லை. ஸ்டெப்னி, ஜாக்கி, டிக்கியில் இருக்கும் குடை, தரை விரிப்பு, டேஷ்போர்டு பிள்ளையார் என எல்லாவற்றையும் டிராக்கில் இறங்கும் முன் இறக்கி வைத்துவிட வேண்டும். எடையைவிட பெரிய காரணம் ஒன்று உண்டு. சீட்டுக்கு அடியில் கிடக்கும் தண்ணீர் பாட்டில், பிரேக் அடிக்கும்போது உருண்டு வந்து பெடலுக்கு அடியில் சிக்கினால் அவ்வளவுதான். பேட்டரி கிளாம்ப்பை இறுக்குவதும், வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்துச் சரியான அளவில் முறுக்குவதும் இதே வரிசையில் வரும்.

ஹெல்மெட் கட்டாயம். எந்தத் தரச்சான்று உள்ள ஹெல்மெட் செல்லும் என்பதை டிராக் டே நடத்துபவர்களிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பருத்தி உடையும் முழுக்காலை மூடும் ஷூவும் வேண்டும். செருப்புக்கு இடமில்லை.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸுக்கான பயிற்சியின்போது, நடிகர் அஜித்குமார் ஓட்டிய கார் தடுப்பில் மோதிச் சுழன்ற வீடியோ பலரையும் பதறவைத்தது. அவர் காயமின்றி இறங்கி நடந்தார். அது முழுமையான ரேஸ் கார். உடலைச் சுற்றி இரும்புக் கூண்டு, தோள், இடுப்பு, தொடை இடுக்கு என எல்லாப் பக்கமும் கட்டும் பெல்ட், தலையைக் கவிழவிடாமல் தாங்கும் கழுத்துப் பட்டை எல்லாம் ஒன்றுக்கொன்று துணையாக அதில் வேலை செய்கின்றன.

அந்தத் தொகுப்பிலிருந்து ஒன்றை மட்டும் பிய்த்து சாதாரண காரில் மாட்டுவதுதான் தவறு. கம்பெனி சீட்டில் நான்கு முனை பெல்ட்டை மட்டும் பொருத்தினால், மோதலின்போது உடல் பெல்ட்டுக்கு அடியில் நழுவலாம். இரும்புக் கூண்டு உள்ள காரில் ஹெல்மெட் இல்லாமல் ஊருக்குள் ஓட்டினால், சின்ன மோதலிலேயே தலை கம்பியில் அடிபடலாம். செய்தால் முழு செட். இல்லையென்றால், கார் கம்பெனி கொடுத்த சீட், பெல்ட், ஏர்பேக் இருக்கும்படியே இருக்கட்டும்.

இன்ஜின்... கடைசி பெஞ்ச்

இன்ஜினுக்கு முதலில் வேண்டியது பராமரிப்பு. ஆயில் பழையதாக இருந்தால் மாற்றி, டிப்ஸ்டிக்கில் மேல்கோடு வரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேகமான வளைவுகளில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும். அளவு குறைவாக இருந்தால், பம்ப்புக்கு ஆயில் கிடைக்காமல் பேரிங் தேயும். கூலன்ட் அளவு, ரேடியேட்டர் ஃபேன், ஹோஸ் பைப் ஆகியவையும் முக்கியம். சென்னை வெயிலில் நிழலில் நிற்கும் காரே கொதிக்கும்போது, டிராக்கில் கேட்கவே வேண்டாம்.

டர்போ கார்களில் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றி பவரை ஏற்றுவது இன்று சுலபம். ஆனால், கணக்கைப் பாருங்கள். நேர்பாதை முடிவில் 140 கி.மீ வேகத்துக்குப் பதில் 154 வந்தால், வேகம் 10% கூடுதல். கார் சுமக்கும் ஆற்றலோ 21% கூடுதல். அது முழுவதையும் பிரேக்தான் ஏற்க வேண்டும். வாரன்ட்டி போகும் வாய்ப்பு தனி.

அதே பணத்தில் இன்னும் சில டிராக் டேக்களுக்குப் போகலாம். பக்கத்து சீட்டில் பயிற்சியாளரை உட்காரவைத்து ஓட்டிப் பழகலாம். வளைவுக்கு முன்பே நேர்கோட்டில் பிரேக்கை முடிப்பது, காரின் மூக்கைப் பார்க்காமல் வளைவின் கடைசியைப் பார்ப்பது, ஸ்டீயரிங் நேராகும்போதுதான் ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதிப்பது... இந்த மூன்றும் கைவந்தால் கிடைக்கும் வேகத்தை, எந்த சைலன்ஸரும் தராது.

15 நிமிடத்தில் என்ன நடக்கும்?

சராசரியாக 100 கி.மீ வேகத்தில் ஓட்டினால், இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சுற்றுக்கு 2 நிமிடம் 14 நொடி ஆகும். 15 நிமிடம் கிடைத்தால் ஆறு சுற்று. முதல் சுற்று டயர், பிரேக் சூடேற. கடைசிச் சுற்று எல்லாம் ஆற. நடுவில் இருப்பதுதான் உண்மையான ஓட்டம்.

கொடிகளின் மொழியும் தெரிந்திருக்க வேண்டும். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. நீலம் என்றால் பின்னால் வேகமான கார், வழிவிடுங்கள். சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், மெதுவாக பிட்டுக்குத் திரும்ப வேண்டும். கறுப்பு வெள்ளைக் கட்டம் என்றால் ஆட்டம் முடிந்தது.

பிட்டுக்கு வந்ததும் ஹேண்ட்பிரேக் போடும் பழக்கத்தைக் கையிலிருந்து கழற்றிவிட வேண்டும். கொதிக்கும் பிரேக்கை இறுக்கிப் பிடித்து வைத்தால் பேடு ஒட்டிக்கொள்ளலாம், பாகங்கள் பாழாகலாம். கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். தேருக்கானாலும் காருக்கானாலும் முட்டுக்கட்டை முட்டுக்கட்டைதான்.

இன்ஷூரன்ஸ் கைகொடுக்குமா?

வீட்டில் இருக்கும் கார் பாலிசியை எடுத்து, ‘பயன்பாட்டு வரம்புகள்’ என்ற பகுதியைப் படியுங்கள். ரேஸ், வேகப் பரிசோதனை ஆகியவற்றுக்குக் காரைப் பயன்படுத்தினால் பாதுகாப்பு கிடையாது என்று வழக்கமான பாலிசிகளில் தெளிவாகவே இருக்கும். டிராக்கில் பம்பர் உடைந்தால் சொந்தக் காசுதான். தவணையில் ஓடும் குடும்பத்தின் ஒரே காரை டிராக்குக்கு எடுத்துப் போகும் முன், வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி-யில் உள்ள விவரத்துக்கு மாறாகக் காரை இஷ்டம்போல் மாற்றியமைக்க முடியாது. 2019 திருத்தத்தின்படி, இப்படிச் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை. எனவேதான், சீட்டுகளைக் கழற்றி, கூண்டு பொருத்திய முழு ரேஸ் கார்களை டிராக் வரை லாரியில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். முறையான ரேஸில் போட்டியிட, இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ வழங்கும் லைசென்ஸும் வேண்டும்.

பொதுச்சாலையில் ரேஸ் ஓட்டினால், 189-வது பிரிவின்படி முதல் முறைக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் சிக்கினால் ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். அபராதமாவது கட்டி முடிக்கக்கூடியது. ஷிஃப்ட் முடிந்து டூ வீலரில் வீடு திரும்பும் தொழிலாளியோ, சாலையைக் கடக்கும் பாட்டியோ அந்த வேகத்தில் குறுக்கே வந்தால், அதற்கு ஈடுகட்ட வழியே கிடையாது. வேகத்துக்கென்று ஓர் இடம், ஒரு வழிப் பாதை, கொடியோடு ஆட்கள், ஆம்புலன்ஸ் எல்லாம் இருக்கும்போது, அதை அங்கே போய்க் கற்றுக்கொள்வதுதான் முறை.

கிளம்பும் முன்... ஒரு செக் லிஸ்ட்

* பிரேக் ஆயில் புதிதாக மாற்றியாயிற்றா? பேடு பாதிக்கு மேல் இருக்கிறதா?
* டயரின் வயது, வெடிப்பு, காற்று பார்த்தாயிற்றா? காற்று அளக்கும் கேஜ், சிறிய பம்ப் கையில் உண்டா?
* வீல் நட்டுகள் சரியான அளவில் முறுக்கப்பட்டுள்ளனவா?
* இன்ஜின் ஆயில், கூலன்ட் சரியான அளவில் உள்ளனவா? எங்கேயும் ஒழுகல் இல்லையே?
* காரின் உள்ளே தனியாகக் கிடக்கும் பொருள்கள் எல்லாம் வெளியே எடுத்தாயிற்றா?
* டோ ஹூக், ஹெல்மெட், ஷூ, நிறைய குடிநீர்?
* முந்தைய இரவு நல்ல தூக்கம்?

மாலையில் டிராக் கேட்டைத் தாண்டி வெளியே வந்ததும் எதிர்ப்படுவது கன்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் நிறைந்த பெங்களூரு நெடுஞ்சாலை. காலையில் பிரேக் எவ்வளவு வேலை செய்தது, 140-ல் வரும் கார் நிற்க எவ்வளவு தூரம் எடுத்தது என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள், முன்னால் போகும் லாரியிலிருந்து தானாகவே இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவார்கள். செய்த செலவுக்கு அந்த இடைவெளிதான் உண்மையான லாபம்.